கதையும் கணக்கும்

சமீபத்தில் இரண்டு புத்தகங்கள் படித்தேன். ஒன்று கதை. மற்றொன்று உண்மை.

கதையை எழுதியவர், பிரான்சு நாட்டு ஜூல்ஸ் வெர்ன். ஆண்டு 1865. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு ராட்சத பீரங்கி. அதன் குண்டுக்குள் உட்கார்ந்து, மூன்று பேர் சந்திரனுக்குப் புறப்படுகிறார்கள்!

1969-ல் அதே புளோரிடாவில் இருந்து, மூன்று பேர் உண்மையாகவே சந்திரனுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் 1974-ல் எழுதியதே இரண்டாவது புத்தகம்.

பீரங்கியில் போனால் ஆள் பிழைக்க முடியாது. ராக்கெட்தான் சரி. கதையைக் கணக்கு திருத்தியது. ஆனால், ஆசையை ஊட்டியது கதை! 1903-ல் ராக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய ரஷ்ய அறிஞர் சியால்கோவ்ஸ்கி, வெர்ன் கதைகளைப் படித்து ஆசை கொண்டவர்தான்.

பிள்ளை கதை படித்தால், புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். கணக்குப் புத்தகத்தையும் பக்கத்தில் வையுங்கள்.