ஸ்கோப்பை இறுக்கினா குரங்கு போயிடுமா?

பப்ஜி விளையாடின யாருக்கும் ஸ்கோப்பை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தரையில கிடக்கிறதை எடுத்துப் போட்டா ஒரு நொடியில துவக்கில பூட்டிக்கும். அதுக்குப் பிறகு குறி தப்பினா குற்றம் நம்ம கையில தான். நிஜத் துவக்கு அப்படி இல்லை. இதை ஏன் சொல்றேன்னா, ஹுன்னஸ்கிரிய பக்கம் குரங்குத் தொல்லை பற்றிப் பேச ஆரம்பிச்சா, பேச்சு பெரும்பாலும் "நல்ல எயார் ரைபிள் ஒன்னு, அதுக்கு ஒரு ஸ்கோப்" என்பதில தான் முடியுது.

முதல்ல அந்த ஸ்கோப்பையே பார்ப்போம். அது நேரா குழலில உட்கார்றது இல்லை. துவக்கின் மேல்பக்கம் ரெயில் என்று ஒரு பகுதி இருக்கும். இராணுவ ரைபிள்களில் இருப்பது குறுக்கே பல் வெட்டின பிக்காட்டினி ரெயில். சாதாரண எயார் ரைபிளில் பெரும்பாலும் நீளவாக்கில் இரண்டு பள்ளம் மட்டும்தான். அதில் இரண்டு வளையங்களை ஸ்குரூ போட்டு இறுக்கி, அதுக்குள்ள ஸ்கோப்பை வைக்கணும். வளையங்களுக்கு இடையில் 10 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையம் பக்கவாட்டில் கால் மில்லிமீற்றர் விலகினாலே, 30 மீற்றர் தூரத்தில் குறி ஏழரை சென்ரிமீற்றர் தள்ளிப் போகும்.

இன்னொரு சிக்கல், ஸ்பிரிங் எயார் ரைபிள் இரண்டு தடவை உதைக்கும். முதலில் பின்னால், பிறகு உள்ளே பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால். பல் இல்லாத ரெயிலில் வளையம் கொஞ்சம் கொஞ்சமா வழுக்க இதுவே போதும். அதைத் தடுக்கத்தான் ரெயிலில் ஒரு குழியும், வளையத்தில் அதுக்குள்ள இறங்கிற ஓர் ஊசியும் வைக்கிறாங்க. இதெல்லாம் சொல்லிக்கொடுக்காமல் ரைபிளை மட்டும் கையில கொடுத்தா குரங்கு போகாது. காயப்பட்ட குரங்குதான் மிஞ்சும்.

சரி, ஸ்கோப் அசையாமல் இருக்கு, சுடுறவருக்கும் பழக்கம் இருக்கு. அப்ப பிரச்சினை தீருமா? தீராது என்பதுதான் என் கருத்து.

துவக்கு ஒரு குறிக்கான கருவி. ரிலவா என்று சிங்களத்தில் சொல்ற செங்குரங்கு கூட்டமா வாழ்ற மிருகம். ஒன்றைச் சுட்டா மற்றது எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குத் தாவும். அதாவது துவக்கு உள்ளவர் தன் குரங்கைத் துவக்கு இல்லாதவர் கூரைக்கு அனுப்புகிறார். மலையகத்தில் அந்தக் கூரை பெரும்பாலும் லயத்துக் கூரை. லயத்துக்குப் பின்னால போஞ்சி, கறிமிளகாய் போட்டிருக்கிறவங்களுக்கு அந்த மண்ணுக்கு உறுதி கிடையாது. காணி உறுதி இல்லாதவரை விவசாயி என்று எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்? ரைபிள் கொடுக்கும்போதும் சரி, நட்டஈடு கணக்கெடுக்கும்போதும் சரி, அவங்க பெயர் எங்க வரும்?

விவசாயியின் கோபத்தை நான் குறைச்சுச் சொல்லலை. ஆறு மாதம் பார்த்த தேங்காயை ஒரு காலையில் இழந்தவரிடம் போய், இது உலகத்தில் இலங்கையில் மட்டும் இருக்கிற இனம், அழியும் ஆபத்தில இருக்கு என்று பாடம் எடுக்க முடியாது. ஆனா இதுவரை சொல்லப்பட்ட தீர்வுகளைப் பாருங்க. 2023இல் ஒரு இலட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்றார்கள், வழக்கு வந்தது, கைவிட்டார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருட்டானதுக்கும் பாணந்துறையில ஒரு குரங்கைக் காரணம் சொன்னார்கள். மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் நின்று மிருகங்களை எண்ணினோம். எல்லாமே ஒரே வெடியில் முடிச்சிடலாம் என்கிற எண்ணம்தான்.

துவக்கு கிடைக்காதவர் கம்பிச் சுருக்கு கட்டுகிறார். அதில் ஸ்கோப்பும் இல்லை, குறியும் இல்லை, எது வந்தாலும் மாட்டும். 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் சுருக்கில் சிக்கி இறந்தது பன்றி இல்லை, ஒரு கருஞ்சிறுத்தை.

அப்ப என்னதான் செய்றது? மீமுரே, லூல்வத்தை போற வழியில வேன் நிறுத்தி குரங்குக்கு பிஸ்கட் போடுறதை நாம முதல்ல நிறுத்தலாம். கடை, ஹோட்டல் குப்பைக்கு மூடி வேணும். காவல் என்றால் ஒரு வீடு தனியா இல்லாமல் ஊரே முறை வைத்துச் செய்யணும். சேதக் கணக்கில் லயத்துத் தோட்டமும் ஏறணும். ரைபிள் கொடுத்தே ஆகணும் என்றால் பயிற்சியோடு கொடுங்க.

ஸ்கோப் தளர்ந்தால் இறுக்க ஒரு சின்னச் சாவி போதும். காணி உறுதி இல்லாத தோட்டக்காரர் பெயரைப் பட்டியலில் ஏற்ற அதை விடப் பெரிய வேலை இருக்கு. அந்த வேலையைப் பற்றித்தான் நாம சத்தமா பேசணும்.