பூனையும் நாயும் கொட்டுற மழை எங்க ஊர்ல பெய்யாது

ரொம்ப நாளா மனசுல இருந்த ஒரு விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். திட்டுறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க.

தேனி, போடி, கம்பம்னு எந்த பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்குது. நானும் ஒண்ணுல சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு ஜெராக்ஸ் கட்டு கையில கொடுத்தாங்க. தலைப்பு: நூறு இடியம்ஸ். 'கிக் தி பக்கெட்'னா வாளியை உதைக்கிறது இல்லையாம், செத்துப் போறதாம். 'பீஸ் ஆஃப் கேக்'னா கேக் துண்டு இல்லையாம், சுலபமான வேலையாம். மழை கொட்டினா 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னு சொல்லணுமாம். நான் நூறையும் மனப்பாடம் பண்ணி டெஸ்ட்ல முதல் மார்க் எடுத்தேன். பெருமை தாங்கல.

அந்த மாசமே என் பெருமை சந்தி சிரிச்சது.

எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருக்கு. ஆமாங்க, 2023-ல புவிசார் குறியீடு வாங்கின அதே கம்பம் பன்னீர் திராட்சைதான். மழைக்குப் பிறகு கொடியில நோய் விழுந்துச்சு. அப்பா மருந்து வாங்கி அடிச்சிட்டார். நாலு நாள்ல பழம் வெட்ட வியாபாரி வர்றதாப் பேச்சு. சாயங்காலம் அப்பா மருந்தோட வந்த துண்டுச் சீட்டை நீட்டினார். தமிழ் இருந்த பக்கம் நனைஞ்சு கிழிஞ்சு போச்சு. "ஏய்யா, இங்கிலீஷ் கிளாஸுக்குப் போறியே, இதுல என்ன போட்டிருக்கு, பாரு" என்றார்.

'வெயிட்டிங் பீரியட்'னு போட்டுப் பக்கத்துல நாள் கணக்கு இருந்துச்சு. ரெண்டு வார்த்தையுமே எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான். ஆனா மொத்தமா என்ன அர்த்தம்னு தெரியல. "அடுத்த தடவை மருந்து அடிக்க அத்தனை நாள் காத்திருக்கணும் போலப்பா" என்று அடிச்சு விட்டேன். அப்பாவுக்கு நம்பிக்கை வரல. மருந்துக் கடைக்காரருக்குப் போன் போட்டார். கடைசியா மருந்து அடிச்ச நாள்ல இருந்து பழம் வெட்டுற நாள் வரைக்கும் விட வேண்டிய இடைவெளி அதுன்னு அவர் சொன்னார். அதுக்கு முன்னாடி வெட்டினா பழத்தோட சேர்ந்து மருந்தும் அடுத்தவன் வயித்துக்குள்ள போகும்.

அப்பா என்னைத் திட்டலை. வியாபாரியைத் தள்ளி வரச் சொன்னார். அவ்வளவுதான். எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல.

இப்போ சொல்லுங்க, யாருக்காக அந்த நூறு இடியம்?

ஒரு வேடிக்கை தெரியுமா? பூனை நாய் மழை, ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-ல வெளியிட்ட ஒரு புத்தகத்துல வருது. பெரிய மனுஷங்க வீட்டு விருந்துல பேசுற அரைச்ச மாவுப் பேச்சை எல்லாம் திரட்டிக் கிண்டல் பண்ணத்தான் அவர் அதை எழுதினார். அதாவது அன்னிக்கே புளிச்சுப் போன பேச்சு. அதைத்தான் நாம காசு கொடுத்து வாங்கிட்டு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்க்கிறோம்.

இடியம் தெரிஞ்சாதான் இயல்பா பேச வரும்னு ஒரு சார் சொன்னார். அவருக்கு என் பதில் எங்க ஊர் ஜீப்புகள்தான். விடியறதுக்கு முன்னாடியே கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போறாங்களே நம்ம அக்காக்கள், அவங்களுக்கு மலையாளம் யார் சொல்லிக் கொடுத்தா? எந்த ஜெராக்ஸ் கட்டு? கூலி, நேரம், எடை, காய், மழை... முதல்ல வேலைக்கு வேண்டிய வார்த்தை வந்தது. தப்பாப் பேசினாங்க, சிரிச்சாங்க, திருத்திக்கிட்டாங்க. பழமொழி எல்லாம் தானா பின்னாடி வந்து சேர்ந்துச்சு.

வெள்ளைக்காரனும் அப்படித்தான் நம்மகிட்டக் கத்துக்கிட்டான். இங்கே பாசன வேலை பார்க்க வந்தவன் 'அணைக்கட்டு'ங்கிற வார்த்தையை அப்படியே எடுத்து 'அனிகட்' ஆக்கிட்டான். கல்லணைக்கு இன்னிக்கும் ஆங்கிலத்துல 'கிராண்ட் அனிகட்'னுதான் பேரு. இப்படி நம்ம பக்கத்துல இருந்து போன சொற்களை எல்லாம் தொகுத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி 1886-ல வந்துச்சு. 'அனிகட்' அதுல இருக்கு. அதே 1886-லதான் முல்லைப் பெரியாறுக்கு 999 வருஷக் குத்தகைப் பத்திரமும் கையெழுத்தாச்சு. பென்னிகுவிக் கட்டின அணை 1895-ல திறந்து நம்ம பள்ளத்தாக்குக்குத் தண்ணி வந்துச்சு. நம்ம தண்ணியோட தலையெழுத்தே ஒரு ஆங்கிலப் பத்திரத்துல இருக்கு. நமக்கோ 'லீஸ்', 'கிளாஸ்', 'ரெனியூவல்' புரியாது, 'பீஸ் ஆஃப் கேக்' புரியும்!

"எஸ்.எஸ்.சி., பேங்க் எக்ஸாம்ல இடியம் கேட்கிறானே" என்பீங்க. நியாயம்தான். அதுக்குப் படிங்க, ஃபார்முலா மாதிரி உருப்போடுங்க. ஆனா அதுதான் ஆங்கிலம்னு நினைச்சுக்காதீங்க. அது தெரியாதவன் முட்டாள்னு கிளாஸ்ல யாரையும் பார்த்துச் சிரிக்காதீங்க. இந்த இடியம் மோகத்துல எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடமே அதுதான். பாஷையை வேலைக்கு ஆகிற சாமானா பார்க்காம, கழுத்துல போட்டுக்கிற நகையாப் பார்க்கிறோம். நகை இல்லாதவன் வாயைத் திறக்கவே கூச்சப்படுறான்.

அதனால நான் இப்போ ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கேன். வீட்டுக்கு வர்ற காகிதத்துல இருக்கிற வார்த்தை மட்டும்தான் அதுல ஏறும். மருந்து டப்பாவில இருக்கிற முக்கோணத்துல சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 'பாய்ஸன்', நீலத்துக்கு 'டேஞ்சர்', பச்சைக்கு 'காஷன்'. பேங்க் கடன் பாரத்துல 'கியாரண்டர்', 'டியூ டேட்'. போடி ஏலக்காய் ஏலத்துல 'லாட்', 'பிட்', 'கிரேடு'. ஒரு நாளைக்கு மூணு வார்த்தை. அர்த்தம் கேட்க டிக்‌ஷனரி இருக்கு, போன் இருக்கு, மருந்துக் கடைக்காரர் இருக்கார்.

நோட்டோட முதல் பக்கத்துல முதல் வார்த்தை என்னன்னு உங்களுக்கே தெரியும். 'வெயிட்டிங் பீரியட்'.

நீங்களும் இன்னிக்கு உங்க வீட்டு அலமாரியில இருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பாருங்க. எத்தனை வார்த்தை புரியலைன்னு எண்ணுங்க. பூனையும் நாயும் அதுக்கப்புறம் வரட்டும்.