வேலிக்கு உள்ளேயும் சட்டம் உண்டு

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் இடையில் நின்றால், மாநில எல்லை எவ்வளவு மெல்லிய கோடு என்பது தெரியும். தமிழகப் பக்கத்தில் கம்பெனி பஸ் ஏறும் தொழிலாளி ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் ஆந்திரம் வந்துவிடுகிறது. தடா மண்டலத்தின் மாம்பட்டில் காலணித் தொழிற்சாலை. சற்று மேற்கே சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கிறது ஸ்ரீசிட்டி. 2008-ல் தொடங்கிய இந்தத் தொழில் நகரத்தில் சாக்லேட்டும் தயாராகிறது, மெட்ரோ ரயில் பெட்டியும் தயாராகிறது.

வீடு ஒரு மாநிலத்தில், வேலை இன்னொரு மாநிலத்தில். சம்பளம் கொடுப்பவர் கான்ட்ராக்டர். கேட்டில் எழுதியிருப்பதோ வேறொரு கம்பெனியின் பெயர். மெஷினில் கை சிக்கினால் எந்த மாநிலத்துச் சட்டம், யார் பொறுப்பு? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். தொழிற்சாலை எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் விதிகள், அந்த மாநிலத்தின் ஆய்வாளர். சென்னையில் இருக்கும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு ஆரம்பாக்கத்தைத் தாண்டி அதிகாரம் கிடையாது.

மற்றது அவ்வளவு சுலபமில்லை. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றால் அங்கே தொழிலாளர் சட்டம் செல்லாது என்றொரு நம்பிக்கை நாடு முழுக்க இருக்கிறது. சுற்றுவேலி, கேட்டில் சோதனை, உள்ளே போக பாஸ் என்று எல்லாம் இருந்தால் வேறு நாடு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நம்பிக்கை தவறு. மண்டலங்களுக்காக மற்ற மத்தியச் சட்டங்களைத் தளர்த்தும் அதிகாரத்தை 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 49-வது பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறது. தொழிற்சங்கம், தொழில் தகராறு, பணி நிலைமை, பிராவிடண்ட் ஃபண்ட், விபத்து நஷ்டஈடு, பேறுகாலச் சலுகை ஆகியவற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று அதே பிரிவு தடுத்தும் விடுகிறது. வேலி சுங்க வரிக்குத்தான். பாதுகாப்புச் சட்டத்துக்கு அல்ல. இருந்தும் தொழில் தகராறு சட்டத்தின் கீழ் இருந்த அதிகாரங்களை மண்டலத்தின் வளர்ச்சி ஆணையரிடம் ஒப்படைக்க 2006-ம் ஆண்டின் விதிகள் வழி சொல்லின. முதலீட்டை வரவேற்க வேண்டியவரே தகராறையும் விசாரிப்பது விசித்திரமான ஏற்பாடுதான்.

இது வெறும் சட்டப் புத்தக விஷயமல்ல. 2024 ஆகஸ்ட் 21-ம் தேதி, அதே ஆந்திரத்தின் அனகாபல்லி மாவட்டத்தில், அச்சுதாபுரம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கும் எசைன்ஷியா மருந்துத் தொழிற்சாலையில் கசிந்த கரைப்பான் தீப்பிடித்து வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். குடும்பத்துக்குத் தலா 1 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் சேர்த்தார்கள். உடனடி ஆபத்து என்று பட்டால் தொழிலாளி நிர்வாகத்தை எச்சரிக்கலாம், ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்ற உரிமை அதில் வந்தது. மண்டலங்களுக்கும் அது பொருந்தும். அந்த உரிமை தனக்கு இருப்பது எத்தனை தொழிலாளிகளுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

யார் தொழிலாளி என்பதில்தான் பழைய சட்டம் தாராளமாக இருந்தது. நேரடியாகவோ கான்ட்ராக்டர் மூலமாகவோ, முதன்மை முதலாளிக்குத் தெரிந்தோ தெரியாமலோ, கூலி வாங்கியோ வாங்காமலோ உற்பத்தி வேலையில் இருப்பவர் தொழிலாளி என்று 1948-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மெஷினைத் துடைப்பவரும் அதில் அடக்கம். 'அந்த ஆள் எங்கள் ரோலில் இல்லை' என்ற பதிலுக்கு இடமில்லாத வாசகம் அது. 13 சட்டங்களை ஒன்றாக்கி 2020-ல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தபோது அந்த வாசகம் போய்விட்டது. கூலிக்கோ பிரதிபலனுக்கோ வேலை செய்பவர்தான் இப்போது தொழிலாளி.

எண்ணிக்கையும் மாறியது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது 20 பேர் என்றாயிற்று. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40. கான்ட்ராக்ட் தொழிலாளர் பாதுகாப்பு தொடங்கும் எண் 20-லிருந்து 50-க்கு உயர்ந்தது. பெரிய தொழிற்சாலைகளுக்கு இதனால் ஒன்றுமில்லை. அவற்றுக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் 15 பேர் பட்டறைகளுக்குத்தான் வித்தியாசம். பிரஸ் மெஷினுக்கு எதிரே நிற்பவரின் விரலுக்குப் பட்டறையில் மொத்தம் எத்தனை பேர் என்பது தெரியாது. நியாயமாகச் சொன்னால், தொகுப்பு சிலவற்றைக் கூட்டியும் இருக்கிறது. 1000 பேருக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி என்றிருந்தது 500 ஆகியிருக்கிறது, அபாயகரமான தொழிலில் 250. நியமனக் கடிதம் கட்டாயம். எச்சரிக்கும் உரிமையும் அபாயகரமான தொழில்களைத் தாண்டி மற்ற இடங்களுக்கும் விரிந்திருக்கிறது.

தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் 250 பேருக்கு மேல் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு மற்ற பெண்கள் நெடுஞ்சாலையை மறித்த பிறகே விஷயம் வெளியே வந்தது. அசெம்பிளி லைனில் எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கலாம். அவர்கள் தூங்கிய அறையும் சாப்பிட்ட சமையலறையும் தொழிற்சாலைச் சட்டத்தின் கண்ணில் படாத இடங்கள்.

சாலை விஷயத்தில் நிலைமை தேவலை. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்பு நிரூபணமானால், வேலையில் நேர்ந்ததாகவே கருதப்படும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் ஒரு பிரிவு சேர்ந்தது. 2003-ல் இரவு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் இறந்த மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், அந்தப் பிரிவு பழைய விபத்துகளுக்கும் பொருந்தும், இ.எஸ்.ஐ. இல்லாதவர்களின் நஷ்டஈட்டுச் சட்டத்துக்கும் அதே அர்த்தம்தான் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 22 வருஷம் காத்திருந்த குடும்பம் அது.

தடா பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஒரு மாநிலத்திலிருந்து தானே வந்து வேறு மாநிலத்தில் வேலை பெற்று, மாதம் 18,000 ரூபாய்க்கு மேற்படாமல் சம்பளம் வாங்குபவரும் வெளிமாநிலத் தொழிலாளி என்கிறது புதிய தொகுப்பு. சொல்லுக்குச் சொல் படித்தால், சொந்த ஊர் போய்வர முதலாளி கொடுக்க வேண்டிய பயணப்படியை ஆரம்பாக்கத்துக்காரரும் கேட்கலாம். தடாவிலிருந்து ரயிலில் அது அடுத்த ஸ்டேஷன்.