பெஞ்சில் அமர்த்தப்பட்ட தலைமுறை

2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவு அணியை இந்தியக் கால்பந்து அணி 3-0 என்று வென்றது. கோல் அடித்தவர்களில் ஒருவரான சுனில் சேத்ரிக்கு அப்போது வயது 40. முந்தைய ஆண்டு ஜூன் மாதம் கொல்கத்தாவில் குவைத்துடன் ஆடிய ஆட்டத்தோடு சர்வதேசப் போட்டிகளிலிருந்து விடைபெற்றவர் அவர். ஓய்வு பெற்றவரை ஒன்பதே மாதங்களில் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. காரணம், அந்தப் பருவத்தின் ஐ.எஸ்.எல். தொடரில் அதிக கோல் அடித்த இந்தியரும் அவரே.

முதலாளித்துவ ஊடகங்கள் இதைத் தனிமனித சாதனையாகக் கொண்டாடின. சாதனைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் அவருடைய இடத்தில் நிற்க 22 வயது இளைஞர் ஒருவர் கூட உருவாகவில்லை என்றால், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட வேண்டியவர்கள் இந்தியக் கால்பந்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களும் குத்தகைக்கு விட்டவர்களும்தான். அதே ஆண்டு அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பையும், நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்று எஞ்சியிருந்த மானத்தையும் இந்திய அணி இழந்தது.

‘தகுதி இருந்தால் இளைஞன் தானாக மேலே வருவான்’ என்பது கழக உரிமையாளர்களின் வழக்கமான வாதம். வேலை கேட்டு வருபவனிடம் அனுபவம் எங்கே என்று கேட்டு, அனுபவம் பெறுவதற்கான வேலையை மட்டும் தர மறுக்கும் ஆலை நிர்வாகத்தின் வாதம் இது. பந்தை நிறுத்துவதையும் கடத்துவதையும் பயிற்சித் திடலில் கற்றுக்கொள்ளலாம். எண்பதாவது நிமிடத்தில் கால்கள் சோர்ந்திருக்கையில், முரட்டுத் தடுப்பாட்டக்காரன் தோளில் சாய்ந்திருக்கையில், எந்த நொடியில் திரும்புவது என்பதை ஆட்டத்தில் மட்டுமே கற்க முடியும். பதினேழு முதல் இருபத்தொரு வயதுக்குள் அது கைவராவிட்டால் பின்னர் ஈடு செய்வது கடினம். இளம் வீரனைப் பொறுத்தவரை மைதானத்தில் கிடைக்கும் நிமிடங்களே அவனுடைய உற்பத்திக் கருவி.

அந்த நிமிடங்கள் எங்கே போயின? 2014 முதல் 2024-25 வரை ஐ.எஸ்.எல். 11 பருவங்கள் நடந்தது. அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி ஒருமுறை கூட இந்தியருக்குப் போகவில்லை. தொடக்கத்தில் 11 பேரில் 6 பேர் வெளிநாட்டவராக இருக்கலாம் என்றது விதி. 2017-18இல் அது ஐந்தாகவும், 2021-22இல் நான்காகவும் குறைந்தது. எண்ணிக்கை குறைந்தாலும் கோல் அடிக்கும் இடமும் ஆட்டத்தை நடத்தும் நடுக்கள இடமும் பெரும்பாலும் விலைக்கு வாங்கப்பட்டவர்களுக்கே போயின.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வெளிநாட்டவரை விரட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூவும் தேசவெறிக் குரல்களுக்கு இடதுசாரிகள் செவிசாய்க்க முடியாது. குறுகிய கால ஒப்பந்தத்தில் மொராக்கோவிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்து உழைப்பை விற்பவனும் தொழிலாளியே. ஈரானின் மஜீத் பிஷ்கரையும் நைஜீரியாவின் சீமா ஒகோரியையும் தோளில் தூக்கிக் கொண்டாடியது கொல்கத்தாவின் உழைக்கும் மக்கள்தான். அவர்களால் வங்கத்துச் சிறுவர்களின் கால்பந்து அழிந்துவிடவில்லை.

அழிவின் ஊற்று வேறு. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, தன் வர்த்தக உரிமைகளை ரிலையன்ஸ்-ஐ.எம்.ஜி. கூட்டுக்கு எழுதிக் கொடுத்தது. அதன் விளைவாக 2014இல் பிறந்த லீக்கில் எட்டு அணிகள், அணிக்கு 14 லீக் ஆட்டங்கள், மூன்று மாதத்துக்குள் கடை மூடல். விளம்பரத்துக்கு டெல் பியரோ, பிரெஸ், ட்ரெசெகே என ஐரோப்பாவில் ஆடி முடித்த நட்சத்திரங்கள். கடைசி இடத்தில் முடித்த அணி கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும் முறை அதில் இல்லை. இறக்கப்படும் அச்சம் இல்லாததால் கழகங்கள் பொறுமையாக இளைஞர்களை வளர்க்கும் என்று அன்று சமாதானம் கூறப்பட்டது. பத்தாண்டுகள் கடந்தன. கடைசி இடம் உறுதியான பிறகும், இழக்க எதுவுமில்லாத ஆட்டங்களில் கூட, பத்தொன்பது வயதுக்காரனை முழு ஆட்டத்துக்கு இறக்கத் துணிந்த கழகங்கள் அரிது. ஐந்து ஆட்டம் தோற்றால் பயிற்சியாளரின் வேலை போகும். அந்த அச்சத்தை மட்டும் உரிமையாளர்கள் கவனமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

கண்துடைப்புக்கு ஒரு விதி உண்டு. ஆட்ட நாள் பட்டியலில் இளம் வீரர்கள் இருவராவது இடம்பெற வேண்டுமாம். பட்டியலில்! பெஞ்சில் அமர்ந்தாலே விதி நிறைவேறிவிடும். ‘பயிற்சித் தொழிலாளி’ என்று பெயர் சூட்டிக் கணக்குக் காட்டும் ஆலைகளை அறிந்தோருக்கு இந்தத் தந்திரம் புதிதன்று. போலந்து நாட்டு லீக் 2022-23இல் வேறு வழியை எடுத்தது. உள்நாட்டு இளம் வீரர்களுக்குப் பருவத்தில் மொத்தம் 3,000 நிமிடங்கள் தர வேண்டும், தவறினால் அபராதம். சீனாவில் 2017இல் இளம் வீரர் ஒருவர் தொடக்க அணியில் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். கழகங்கள் அவரை இறக்கிவிட்டுச் சில நிமிடங்களில் வெளியே அழைத்துக்கொண்டன. விதியை மாற்ற நேர்ந்தது. தலைகளை எண்ணும் விதியை ஏய்க்கலாம், நிமிடங்களை எண்ணும் விதியை ஏய்ப்பது கடினம்.

இந்தியாவில் முன்னுதாரணம் இல்லாமலில்லை. 2017இல் டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டியது, உலகக் கோப்பை வரலாற்றில் இந்தியாவின் முதல் கோல். அந்தப் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணியை மையமாகக் கொண்டு ‘இந்தியன் ஏரோஸ்’ என்ற பெயரில் ஐ-லீக்கில் ஆடவிட்டார்கள். வெளிநாட்டவர் ஒருவரும் இல்லை. முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டியை 3-0 என்று வென்ற அந்தச் சிறுவர்கள் பருவத்தைக் கடைசி இடத்தில்தான் முடித்தார்கள். ஆனாலும் முழுப் பருவமும் வளர்ந்த ஆண்களுடன் மோதினார்கள். ஜீக்சன், சுரேஷ் வாங்ஜம், அன்வர் அலி, ரஹீம் அலி என்று தேசிய அணிக்கு அந்தப் பட்டறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2022இல் அது கலைக்கப்பட்டது. சிறுவர்கள் சிறுவர்களுடன் மட்டும் ஆடும் லீக் அதற்கு ஈடாகாது.

இன்னும் பின்னே போனால் பொதுத்துறை அணிகளின் காலம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஏழைச் சிறுவன் ஐ.எம். விஜயனைப் பதின்ம வயதிலேயே கேரள போலீஸ் அணி எடுத்துக்கொண்டது. 1990, 1991 ஆகிய இரு ஆண்டுகளிலும் கூட்டமைப்புக் கோப்பையை வென்ற அணி அது. பெங்களூரில் ஐ.டி.ஐ.யும் எச்.ஏ.எல்.லும், சென்னையில் ஐ.சி.எஃப்.பும் இந்தியன் வங்கியும் இளைஞனுக்கு நிரந்தர வேலை, மாதச் சம்பளம், வாரந்தோறும் ஆட்டம் மூன்றையும் சேர்த்தே தந்தன. காயம்பட்டாலும் அடுப்பு எரியும் என்ற உறுதி இருந்தது. தனியார்மயமும் நியமனத் தடையும் அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தின. தனியார் தரப்பிலோ மகிந்திரா யுனைடெட் 2010இலும் ஜே.சி.டி. 2011இலும் உரிமையாளர் முடிவால் ஒரே நாளில் காணாமல் போயின.

15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8இல் முடிவடைய இருந்த நிலையில், ஜூலையிலேயே புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. வர்த்தக உரிமைக்கான டெண்டருக்கு நவம்பரில் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. லாபம் வராத இடத்தில் ‘விளையாட்டு வளர்ச்சி’ பேசியவர்கள் காட்டிய அக்கறையின் அளவு இவ்வளவுதான். பருவம் மாதக்கணக்கில் தள்ளிப்போனபோது, ஏற்கெனவே நிமிடங்களுக்கு ஏங்கிய இளம் வீரர்களே முதலில் அடிபட்டனர்.

இனி எழுதப்படும் எந்த ஒப்பந்தத்திலும் 21 வயதுக்குட்பட்டோருக்கான குறைந்தபட்ச நிமிடங்கள் எண்ணால் குறிக்கப்பட வேண்டும். மீறும் கழகத்துக்குப் புள்ளிக் குறைப்பு வேண்டும், ஏனெனில் பணத் தண்டத்தை உரிமையாளர்கள் செலவுக் கணக்கில் எழுதிவிடுவார்கள். கடைசி இடத்துக்கு இறக்கம், மாநில லீக்குகளுக்கு ஆண்டு முழுவதுமான அட்டவணை, வீரர்களின் சங்கத்துக்கு நிர்வாகத்தில் இடம் ஆகியவையும் அதில் சேர வேண்டும். ரயில்வே, வங்கி, மின்வாரியம், போக்குவரத்துத் தொழிற்சங்கங்களில் பணியாற்றும் தோழர்கள், நிரப்பப்படாமல் கிடக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களின் கணக்கை நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்று, அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பட்டியலில் அதையும் வைக்க வேண்டும்.