ஆற்றைத் தாண்டும் முன் வண்டியை நிறுத்துங்க!

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், மிரி நகரத்திலிருந்து பாரியோ என்ற மலை ஊருக்குப் போக இரண்டு வழிகள். சிறிய விமானத்தில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். இன்னொன்று, மரம் ஏற்றும் லாரிகளுக்காகக் காட்டுக்குள் வெட்டிய மண் சாலை. வெயில் காய்ந்தாலே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழை பெய்தால்? எப்போது போய்ச் சேரலாம் என்று ஆறுதான் சொல்லும்!

1,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் பாரியோ, கெலாபிட் பழங்குடிகளின் ஊர். அரிசிக்குப் பேர்போனது. விமானத்தில் ஏற்ற முடியாத கனமான சாமான்கள் வருவது இந்தச் சாலையில்தான். ஓடுவதெல்லாம் ஹைலக்ஸ் போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள்.

அப்படிப்பட்ட வண்டியே ஆற்றைப் பார்த்தால் நிற்க வேண்டும். ஏன்?

வேகமாக ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்ன காரை இழுத்துவிடும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரிய வண்டிகளும் தப்பாது. தண்ணீர் வண்டியைத் தூக்கும்போது டயருக்குப் பிடிமானம் போய்விடும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பயனில்லை.

இன்ஜின் காற்றோடு தண்ணீரையும் இழுத்தால் அதோடு முடிந்தது. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதைத் தடுக்கத்தான், கூரை உயரத்துக்கு ‘ஸ்நார்கல்’ குழாய் வைக்கிறார்கள். ஆனால், அது காப்பாற்றுவது இன்ஜினை மட்டும்தான். வெள்ளம் இழுத்தால் அதுவும் கூடவே போகும்.

தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே எங்கோ மழை என்று அர்த்தம். அப்போது இறங்கவே கூடாது. ஆழமும் வேகமும் குறைவு என்று தெரிந்தால், லோ கியரில், நடக்கிற வேகத்தில், நடுவில் கியர் மாற்றாமல் போக வேண்டும். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றுவிட்டால், மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. கரையேறியதும் பிரேக்கை மெதுவாக அழுத்திப் பார்ப்பது அவசியம்.

மலை ஆறு சட்டென்று ஏறும். மழை விட்டால் சில மணி நேரத்தில் வடிந்தும்விடும். அதுவரை கரையில் உட்கார்ந்திருப்பவர் தாமதமாகப் போவார். ஆனால், போய்ச் சேர்ந்துவிடுவார்!