ஒதுங்கி வாழும் உரிமையும் விலகிச் செல்லும் உரிமையும்

உலகத்தின் ஆரவாரத்தை விட்டு விலகி, ஒரே நம்பிக்கையால் பிணைக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடி, தமக்கென ஒரு சிற்றூரும் ஒரு நியமமும் வகுத்துக்கொண்டு வாழவேண்டும் என்னும் ஆசை மனித குலத்துக்குப் புதிதன்று. எனினும், அண்டை வீட்டாரின் பெயர்கூட அறியாமல் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கவும், முதுமையுற்ற பெற்றோரை அன்னியர் கையில் ஒப்படைக்கவும் பழகிவிட்ட இக்காலத்தில் அந்த ஆசை புதிய வேகம் பெற்றிருக்கிறது. அவ்வாழ்க்கையில் மெய்யாகவே என்ன நன்மை இருக்கிறது, அந்த நன்மைக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை, கற்பனையான ஆசிரமங்களைக் கொண்டல்லாமல், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கும் ஒரு சமூகத்தைக் கொண்டு ஆராய்வதே நியாயம். அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் அதற்குத் தக்க உதாரணம்.

பச்சிளங் குழந்தைக்கு அளிக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் அறிந்த வயதில் ஒருவன் தானே விரும்பி ஏற்பதே மெய்யான ஞானஸ்நானம் என்று போதித்த குற்றத்துக்காகப் பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சிறையும் சித்திரவதையும் மரணமும் அனுபவித்த அனபாப்டிஸ்ட் மக்களின் வழிவந்தவர்கள் இவர்கள். 1693-ஆம் ஆண்டில் யாக்கோப் அம்மான் என்னும் போதகரைப் பின்பற்றித் தனிப் பிரிவாகி, அடுத்த நூற்றாண்டில், மத சுதந்திரம் அளித்த பென்சில்வேனியாவை நாடிக் கப்பலேறினார்கள். இன்று அவர்களுடைய தொகை நான்கு லட்சத்தை ஒட்டியிருக்கிறது. வீட்டிலே ஜெர்மன் கிளைமொழியும், வெளியாரோடு ஆங்கிலமும் பேசுகிறார்கள். கோயில் கட்டாமல், ஞாயிறு விட்டு ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடி வழிபடுகிறார்கள். போதகரைத் திருவுளச் சீட்டின் மூலம் தம்முள்ளிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் வியப்பது, மின்சாரமும் மோட்டார் காரும் இல்லாமல் குதிரை வண்டியில் செல்கிறார்களே என்பதுதான். ஆனால் இயந்திரத்தின்மேல் இவர்களுக்கு விரோதம் கிடையாது. பிறர் ஓட்டும் காரில் ஏறுவார்கள். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளமாட்டார்கள், ஏனெனில் அது உற்றார் உறவினரைத் தொலைவுக்குக் கொண்டுபோய்ச் சிதறடித்துவிடும். பல ஊர்களில் தொலைபேசி உண்டு; அது வீட்டுக்குள் இராமல் வயலோரத்துச் சிறு குடிலில் இருக்கும், ஏனெனில் குடும்பம் கூடியுண்ணும் வேளையை அதன் மணியோசை கலைக்கக்கூடாது. புதிதாக எந்தப் பொருள் வந்தாலும், இது நம்முடைய கூட்டு வாழ்க்கையை என்ன செய்யும் என்று இருபது முப்பது குடும்பங்கள் கூடி விசாரித்த பிறகே ஏற்பதோ மறுப்பதோ தீர்மானமாகிறது. சந்தையில் வந்ததெல்லாம் வீட்டுக்கும் வந்தே தீரவேண்டும் என்று நினைக்கும் நாம், அந்த விசாரணையை ஒரு தடவையாவது நடத்திப் பார்த்திருக்கிறோமா?

இதனினும் பெரிய கவர்ச்சி ஒன்று உண்டு. அங்கே எவரும் அநாதை அல்லர். ஒருவருடைய களஞ்சியம் தீக்கிரையானால், சுற்று வட்டாரத்து ஆடவரெல்லாம் கருவிகளோடு வந்து சேர்ந்து, பெண்கள் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட, சில நாட்களுக்குள் புதிய களஞ்சியத்தை எழுப்பிவிடுவார்கள். மருத்துவமனைச் செலவைச் சபை பகிர்ந்துகொள்கிறது. வயோதிகர் மகன் வீட்டை ஒட்டிய சிறு வீட்டில் பேரக்குழந்தைகள் நடுவே முதுமையைக் கழிக்கிறார்கள். தம்மவரைத் தாமே பேணுவோம் என்று சொல்லி, அரசாங்கத்தின் ஓய்வூதியத் திட்டத்திலிருந்து 1965-இல் சட்டப்படி விலக்குப் பெற்ற மக்கள் இவர்கள்.

2006-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று, பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்னும் ஊரிலுள்ள ஆமிஷ் பள்ளிக்குள் துப்பாக்கியுடன் புகுந்த ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐவர் இறந்தனர், அவனும் தன்னையே சுட்டுக்கொண்டு மாண்டான். மகளைப் பறிகொடுத்த துக்கம் ஆறுவதற்கு முன்பே அந்த மக்கள் கொலைகாரனின் மனைவியையும் பெற்றோரையும் தேடிச் சென்று ஆறுதல் கூறினார்கள். அவனை அடக்கம் செய்த இடத்திலும் போய் நின்றார்கள். இத்தகைய மன்னிப்பு திடீரென ஒரு நாளில் வந்துவிடாது. தலைமுறை தலைமுறையாக ஊர் முழுவதும் ஒரே விரதத்தைப் பயின்றதன் பயன் அது. கூடி வாழ்தல் மனிதனை எவ்வளவு உயர்த்தக்கூடும் என்பதற்கு இதைக் காட்டிலும் வலிய சாட்சியம் வேண்டியதில்லை.

ஆயினும், அணைத்துக்கொள்ளும் அதே கை இறுக்கவும் வல்லது. ஞானஸ்நானம் பெற்றபின் நியமத்தை மீறியவரையோ சபையை விட்டு அகன்றவரையோ தள்ளி வைத்துவிடுகிறார்கள். அவரோடு ஒரே மேசையில் உண்பதில்லை. அவர் கையிலிருந்து ஒரு பொருளை வாங்குவதும் பல சபைகளில் தகாது. ஊர் விலக்கு எத்தகைய கொடுமை என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. ஞானஸ்நானத்துக்கு முன் விலகுகிறவருக்கு இந்தத் தண்டனை கிடையாது, பதினாறு வயதுக்குமேல் இளைஞர் வெளியுலகைப் பார்த்துவரவும் ஓரளவு இடமுண்டு என்று அவர்கள் சொல்வது உண்மையே. நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் விரும்பியே ஞானஸ்நானம் பெறுகிறார்கள் என்பதும் உண்மையே. ஆனால், எட்டாம் வகுப்போடு கல்வி முடிந்து, பிறந்தது முதல் அறிந்த முகங்களெல்லாம் ஒருபுறமிருக்க, மறுபுறத்தில் முன்பின் அறியாத உலகம் நிற்கும்போது, அந்த இளம் உள்ளம் செய்யும் தெரிவு எவ்வளவு சுதந்திரமானது?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பதினாறு வயதுவரை பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்ற விஸ்கான்சின் மாநிலச் சட்டத்துக்கு உட்பட மறுத்த ஆமிஷ் பெற்றோருக்கு, 1972-இல் அந்த நீதிமன்றம் மத சுதந்திரத்தின் பெயரால் விலக்கு அளித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். வழக்குக்குக் காரணமான மூன்று பிள்ளைகளில் ஒரு பெண் மாத்திரமே சாட்சி சொன்னாள்; ஏனைய இருவரின் எண்ணம் என்னவென்று யாரும் விசாரிக்கவில்லையே, எதிர்காலம் பிள்ளையினுடையதல்லவா என்பது அவருடைய வாதம். அதற்கு இன்றுவரை தக்க விடை கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கல்வியைப் போலவே பொருளும் ஒரு தளையாகக்கூடும். இதே அனபாப்டிஸ்ட் மரபில் வந்த ஹட்டரைட் மக்கள் உடைமை யாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்கிறார்கள். வறுமையும் பொறாமையும் அணுகாத உயர்ந்த ஏற்பாடு அது. ஆனால் கனடாவில், வேறொரு சபையின் போதனையைத் தழுவியதற்காக வெளியேற்றப்பட்ட சிலர், தாம் உழைத்து வளர்த்த பொதுச் சொத்தில் பங்கு கேட்டு வழக்காடியபோது, 1970-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பங்கில்லை என்று தீர்ப்பளித்தது. மனச்சாட்சிப்படி நடந்ததற்கு ஆயுட்கால உழைப்பே விலையாயிற்று.

மொழியும் கூடத் தளையாகும் என்பதற்குப் பொலிவியா நாட்டு நிகழ்ச்சி சான்று. இதே அனபாப்டிஸ்ட் மரபைச் சேர்ந்த மென்னோனைட் மக்களின் மானிடோபா என்ற குடியிருப்பில் 2005 முதல் 2009 வரை, கால்நடைகளுக்கான மயக்க மருந்தை இரவில் வீடுகளுக்குள் தெளித்து, உணர்விழந்த பெண்களும் சிறுமிகளுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்களை அவ்வூர் ஆடவர் சிலரே பலாத்காரம் செய்தனர். காலையில் வலியோடு எழுந்த பெண்கள் முறையிட்டபோது, அது பேயின் வேலை என்றும், பெண்களின் வீண் கற்பனை என்றும் சொல்லப்பட்டது. அந்தப் பெண்களுக்குத் தங்கள் குடியிருப்பின் கிளைமொழியன்றி நாட்டு மொழியான ஸ்பானிஷ் தெரியாது. நீதிமன்றத்தின் வாசல் எங்கிருக்கிறது என்று சொல்லவும் ஒருவரில்லை. 2011-இல் குற்றவாளிகளுக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. ஒதுங்கி வாழும் ஒவ்வொரு சமூகத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்வது அநீதி. ஆனால் நடந்தால் வெளியே தெரியாமல் போவதற்கு அந்த ஒதுக்கமே துணைசெய்கிறது என்பதை மறுக்கமுடியாது.

இவற்றைக் கண்டு, அரசாங்கம் இத்தகைய குடியிருப்புகளைக் கலைத்து எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துவிடவேண்டும் என்று எவரேனும் கூறினால், அவரோடு நான் உடன்படமாட்டேன். நிக்கல் மைன்ஸில் நாம் கண்ட மனோபாவம் உலகத்துக்குத் தேவை. அதை வளர்க்கும் நாற்றங்காலை அழித்துவிட்டுப் பயிரைத் தேடுவதில் பொருளில்லை. நான் வேண்டுவதெல்லாம், ஆமிஷ் மக்களின் மூதாதையர் எந்தக் கொள்கைக்காக உயிர்துறந்தார்களோ, அதே கொள்கையைக்கொண்டே இந்தச் சமூகங்களை அளக்கவேண்டும் என்பதுதான். அறிந்து, தானே விரும்பி ஏற்றால்தான் விரதம் விரதமாகும். அறிவதற்குக் கல்வி வேண்டும். மறுப்பதற்குப் பொருளும் மொழியும் வேண்டும். மறுத்தபின்னும் தாயின் முகத்தைக் காணும் உரிமை வேண்டும். குழந்தைகளையும் பெண்களையும் காக்கும் நாட்டுச் சட்டம், எத்தனை புனிதமான வேலியாயினும் அதைத் தாண்டி உள்ளே செல்லவேண்டும்.

நகர வாழ்க்கையில் சலித்து, ஏதேனும் ஓர் ஆசிரமத்திலோ சமயக் குடியிருப்பிலோ சேர எண்ணும் அன்பர்களுக்கும் என் விண்ணப்பம் இதுவே. அங்கே நிகழும் பூஜையையும் நிலவும் அமைதியையும் கண்டு மட்டும் முடிவுசெய்துவிடாதீர்கள். அங்கிருந்து விலகியவர்களைத் தேடிச் சென்று, என்ன கல்வியோடு, என்ன பொருளோடு வெளியே வந்தார்கள், உள்ளே இருக்கும் உறவினர் இன்னும் அவர்களோடு பேசுகிறார்களா என்று விசாரியுங்கள். பெரியவர்களாகிய நீங்கள் உங்களுக்காக எந்த விரதத்தையும் பூணலாம். உடன் அழைத்துச் செல்லும் குழந்தைக்காக அதைப் பூண உங்களுக்கு உரிமையில்லை.