கூட இருப்பவருக்கு எங்கே இடம்?

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம். புது மருத்துவமனையாம். முகப்பெல்லாம் கண்ணாடி, திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. 'ஜன்னல் புராணம் மறுபடியுமா?' என்று வழக்கமான வாசகர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம், மறுபடியும்தான்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட 'நோட்ஸ் ஆன் ஹாஸ்பிடல்ஸ்' புத்தகத்தை இந்தப் பத்தியில் எத்தனை தடவை இழுத்தாலும் எனக்கு அலுக்காது. கிரிமியப் போரில் காயத்தைவிடத் தொற்றுநோயால் அதிகம் சிப்பாய்கள் செத்ததைப் பார்த்தவர் அவர். நீளமான வார்டு, இரண்டு பக்கமும் எதிரெதிரே உயர்ந்த ஜன்னல்கள், குறுக்கே ஓடும் காற்று என்று கட்டடத்தையே மருந்தாக எழுதிக் கொடுத்தார். கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்ற அவருடைய நம்பிக்கை காலாவதியாகிவிட்டது. காசநோய் வார்டில் இன்றைக்கும் ஜன்னலைத் திறந்துவைக்கத்தான் சொல்கிறார்கள்.

காற்றுக்கு ஜன்னல் சரி, கூட வரும் மனிதருக்கு இடம்? அதற்கு நம்மூர்க் கதைக்கு வரவேண்டும். சென்னையின் ஆஸ்பத்திரிக் கதையை எல்லோரும் 1664இல், கோட்டைக்குள் கம்பெனிக்காரர்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து சொல்வார்கள். அதுதான் இன்றைய ஜி.எச். எனக்குப் பிடித்த கதை வடசென்னையில், அடுப்படியில் தொடங்குகிறது. ஹைதர் அலியுடன் நடந்த போரில் ஊர்கள் பாழாகி, பஞ்சம் பிழைக்க ஜனங்கள் நகரத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தார்கள். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார். அதுவே வளர்ந்து இன்றைய ஸ்டான்லி. வண்ணாரப்பேட்டைப் பெரியவர்களுக்கு அது என்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான்.

சத்திரத்தில் பிறந்த ஆஸ்பத்திரி என்பதால்தான் அதன்மேல் எனக்கு இத்தனை பிரியம். சத்திரத்தில் வந்தவருக்கும் இடமுண்டு, கூட வந்தவருக்கும் இடமுண்டு. இப்போதோ ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மருந்து வாங்க ஓடுவதும், ஸ்கேனுக்கு வரிசையில் நிற்பதும், ஸ்ட்ரெச்சருக்குக் கை கொடுப்பதும், ராத்திரி டிரிப்ஸ் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிடுவதும் அந்த நாற்காலிக்காரர்தான். சம்பளம் இல்லாத ஊழியர். அவர் தலைசாய்ப்பதோ மாடிப்படிக்கு அடியில், பேப்பர் விரித்து.

மருத்துவமனை வரைபடத்துக்கு அனுமதி தருபவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். கட்டிலுக்குக் கட்டில் கூட இருப்பவர் படுக்க ஆறடி, குளிக்க ஒரு இடம், துணி உலர்த்த ஒரு கொடி. இவை இல்லாத வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள்.